விசிறி இல்லாத பெட்டி: வாசகர் கேள்விகள்

இரவும் பகலும் அணைக்காமல் ஓடும் சின்னக் கம்ப்யூட்டருக்கு விசிறி இல்லாத உலோகப் பெட்டிதான் என் தேர்வு என்று போன இதழில் போகிறபோக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் கீழே இருப்பவை. ஆமோதித்தவர்கள் கொஞ்சம், சண்டைக்கு வந்தவர்கள் கொஞ்சம், பெட்டியை வாங்கிவிட்டு விழிப்பவர்கள் நிறைய. எழுதியவர்களில் பெரும்பாலோர் ராஸ்பெர்ரி பை (சுருக்கமாகப் பை) என்ற ஒற்றைப் போர்டு கம்ப்யூட்டர் வைத்திருப்பதால் உதாரணங்களும் அதைச் சுற்றியே வருகின்றன. வேறு போர்டு வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு இதேதான்.

கே: பை 5 வாங்கியிருக்கிறேன். கோப்புகளைச் சேமித்து வைக்கவும், வீட்டு நெட்வொர்க்கில் விளம்பரங்களைத் தடுக்கவும் எப்போதும் ஓடப்போகிறது. படுக்கையறையில் வைப்பதால் சத்தமே கூடாது. விசிறி இல்லாத பெட்டி தாங்குமா? தாங்கும் என்றால் எதைப் பார்த்து வாங்குவது?

ப: தாங்கும். ஆனால் பெட்டிகளின் படங்களைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் போர்டு எத்தனை வாட் எடுக்கிறது என்று பாருங்கள். பை 5 உச்சத்தில் சுமார் 12 வாட் எடுக்கும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். பை 4-க்கு அது 8. நீங்கள் சொல்லும் இரண்டு வேலைகளும் நாளின் பெரும்பகுதி சும்மா உட்கார்ந்திருக்கும் வேலைகள். அப்போது 3, 4 வாட்டைத் தாண்டாது. எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும்.

இப்போது பெட்டிக்கு வருவோம். 9 செ.மீ. நீளம், 6 அகலம், 3 உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பக்கங்களையும் கூட்டினால் 200 சதுர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. காற்று அசையாத அறையில், மேலெழும் காற்றும் கதிர்வீச்சும் சேர்ந்து, ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து, அறையைவிடக் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 10 வாட்டை எடுத்துப்போகும். நம் பெட்டிக்கு அது டிகிரிக்கு 0.2 வாட். ஆகவே 5 வாட் வெளியேற வேண்டுமானால் பெட்டி அறையைவிட 25 டிகிரி சூடாக நிற்க வேண்டும். 10 வாட் என்றால் 50 டிகிரி. அறை 30 என்றால் பெட்டியே 80-க்கு வந்துவிடும், உள்ளே சிப் அதற்கும் மேலே. பை 80 டிகிரியில் வேகத்தைக் குறைக்க ஆரம்பிக்கும், 85-ஐத் தாண்டவிடாமல் இழுத்துப் பிடிக்கும். மேசையில் படிந்திருக்கும் அடிப்பக்கம் இந்தக் கணக்கில் முழுசாகச் சேராது, மேலே வரிசையாக நிற்கும் மெல்லிய உலோகத் தகடுகளான ஃபின்கள் அந்தக் குறையை ஈடுகட்டும். தோராயமான கணக்குதான், ஆனால் விளம்பர வாசகங்களைவிட நம்பலாம். உள்ளங்கையளவு பெட்டி 4, 5 வாட்டை நாள் முழுக்கச் சுமக்கும். 10 வாட்டை நாள் முழுக்கச் சுமக்காது.

அடுத்து, பெட்டியின் உட்புறப் படத்தைத் தேடுங்கள். வெளியே எத்தனை ஃபின் இருந்தாலும் சரி, உள்ளே கூரையிலிருந்து சிப்புக்கு நேராக ஓர் உலோகத் தூண் இறங்கவில்லை என்றால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள். அலுமினியக் கலவை, காற்றைவிட ஆயிரக்கணக்கான மடங்கு நன்றாக வெப்பம் கடத்தும். சிப்புக்கும் உலோகத்துக்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் காற்று நின்றால், அத்தனை அலுமினியமும் அந்தப் பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும். உட்புறப் படமே போடாமல் நாலா பக்கமும் வெளித்தோற்றத்தை மட்டும் காட்டும் விற்பனையாளர்கள் மேல் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. பை 5-இல் ப்ராசஸர் மட்டுமல்ல, யுஎஸ்பி, ஈதர்நெட் போன்றவற்றைக் கவனிக்கும் ஆர்பி1 சிப்பும், மின்சாரத்தைப் பங்கிடும் சிப்பும் சூடாகும். தூண்கள் அவற்றுக்கும் இறங்குகிற பெட்டி என்றால் யோசிக்காமல் வாங்கலாம்.

தூணுக்கும் சிப்புக்கும் இடையில் வைக்கும், சூட்டைக் கடத்தும் மெத்தென்ற தெர்மல் பேட் மெல்லியதாக இருக்க வேண்டும். 15 மி.மீ. சதுரமுள்ள சிப், மீட்டர்-டிகிரிக்கு 3 வாட் கடத்தும் சுமாரான பேட், கனம் 1 மி.மீ. என்று வைத்தால், 5 வாட்டுக்கு அந்தப் பேட் மட்டுமே ஏழு டிகிரி சொச்சத்தைத் தின்றுவிடும். அரை மி.மீ. ஆக்கினால் பாதி. ஃபின்னை உயரமாக்கிச் சம்பாதிப்பதைவிட இது சுலபமான சம்பாத்தியம்.

கே: 100 கிராம் பெட்டி ஒன்று, 300 கிராம் பெட்டி ஒன்று. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. கனமானதுதானே நன்றாகக் குளிர்விக்கும்? ஒரு சோதனையில் கனமான பெட்டி பத்து நிமிட முழு ஓட்டத்தில் 55 டிகிரியைத் தாண்டவே இல்லை.

ப: அந்தச் சோதனை பத்தாவது நிமிடத்தில் நின்றுவிட்டதுதான் பிரச்சினை. எடை என்பது தொட்டியின் கொள்ளளவு, மேற்பரப்பு என்பது அதன் அடியில் உள்ள ஓட்டை. தொட்டி பெரிதானால் நிரம்ப நேரமாகும், அவ்வளவுதான். எந்த மட்டத்தில் நீர் நிற்கும் என்பதை ஓட்டைதான் முடிவு செய்யும்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஒரு கிராம் அலுமினியம் ஒரு டிகிரி ஏற 0.9 ஜூல் வேண்டும். 300 கிராமுக்கு 270. முன்பு சொன்ன டிகிரிக்கு 0.2 வாட்டால் வகுத்தால் 1350 நொடி, அதாவது 22 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஏற வேண்டிய மொத்த டிகிரியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை எட்டவே அவ்வளவு நேரம். முழுசாக நிலைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். பத்து நிமிடத்தில் நிறுத்தினால் கனமான பெட்டி ஜெயித்த மாதிரித்தான் தெரியும். இரண்டு மணி நேரம் ஓடவிட்ட சோதனையை மட்டும் பாருங்கள். அதில் ஒரே பரப்புள்ள இரண்டு பெட்டிகளும் அருகருகே வந்து நிற்கும்.

ஆனாலும் எடை வீண் என்று சொல்லமாட்டேன். வீடியோவை மாற்றுவது, மென்பொருளைத் தொகுப்பது போல் பத்து நிமிடம் மூச்சுப்பிடித்து ஓடிவிட்டு அரைமணி நேரம் ஓய்வெடுக்கும் வேலைகளுக்குக் கனமான பெட்டி நல்ல பலன் தரும். செம்பில் செய்த பெட்டியைப் பற்றியும் இருவர் கேட்டிருந்தார்கள். செம்பு அலுமினியத்தைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வெப்பம் கடத்தும், உண்மை. ஆனால் தடங்கல் உலோகத்துக்குள் இல்லை, உலோகத்திலிருந்து காற்றுக்குப் போகும் இடத்தில்தான். காசு மிச்சம்.

கே: பெட்டியைத் தொட்டால் கை சுடுகிறது. பிளாஸ்டிக் பெட்டியில் இருந்தபோது இப்படி இல்லை. திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?

ப: வேண்டாம், அது தன் வேலையைச் செய்கிறது. பிளாஸ்டிக் பெட்டியில் சூடு உள்ளேயே தங்கிச் சிப்பை வாட்டிக்கொண்டிருந்தது, உங்கள் கைக்குத் தெரியவில்லை. உலோகத்தில் 45 டிகிரிக்குமேல் போனாலே கைக்குச் சுருக்கென்று இருக்கும். 60-ஐ நெருங்கினால் விரலை வைத்திருக்க முடியாது. குழந்தைகளுக்கு எட்டும் இடம் என்றால் நடுவில் அலுமினியமும் மேலே கீழே பிளாஸ்டிக்குமாக வரும் வகையைப் பாருங்கள்.

நான் அஞ்சுவது இதற்கு நேர்மாறான நிலைக்கு. போர்டு 78 டிகிரி என்று சொல்கிறது, பெட்டி கைக்கு வெதுவெதுப்பாகக்கூட இல்லை. சிப்புக்கும் பெட்டிக்கும் நடுவில் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

கே: சரியாகச் சொன்னால் எத்தனை டிகிரி வரை கவலைப்படாமல் இருக்கலாம்?

ப: பை 4, பை 5 இரண்டுக்கும் நீடித்த வேலையில் 70-க்குள் நின்றால் நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 75-ஐத் தொட்டால் வருடத்தின் வெப்பமான நாளுக்கு இடம் இல்லை என்று எடுத்துக்கொள்வேன். பை 3 பி பிளஸ் மட்டும் ஒரு விதிவிலக்கு. அது 60 டிகிரியிலேயே 1.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 1.2-க்கு இறங்கிவிடும். அமைப்புக் கோப்பில் அந்த வரம்பை 70 வரை உயர்த்தலாம்.

ஆனால் வெறும் டிகிரியைக் குறித்துவைப்பதால் பெரிய பயன் இல்லை. அறையின் வெப்பநிலையைக் கழித்துவிட்டுக் குறித்துவையுங்கள். என் மேசைக்கடியில் அலுமினியப் பெட்டியில் ஒரு பை 4 கிடக்கிறது. சும்மா இருக்கும்போது அறையைவிட 15, 16 டிகிரி கூடுதல். ப்ராசஸரின் நான்கு கோரும் முழுமூச்சில் ஓடினால் 35-க்குச் சற்றுக் குறைவு. கோடையானாலும் குளிரானாலும் இந்த வித்தியாசம் பெரிதாக மாறுவதில்லை. மாறினால் ஏதோ நடந்திருக்கிறது: ஃபின்களுக்கிடையில் தூசி அடைத்திருக்கும், அல்லது எனக்குத் தெரியாமல் ஏதோ ஒரு நிரல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாவதுதான் அடிக்கடி நடப்பது. கூடவே, உங்கள் ஊரின் உச்ச வெயில் நாளில் அறை எவ்வளவு இருக்கும் என்பதை இந்த வித்தியாசத்தோடு கூட்டிப் பார்த்தால், பெட்டி போதுமா போதாதா என்று வாங்கிய வாரத்திலேயே தெரிந்துவிடும்.

கே: பெரிய ஃபின் வைத்த பெட்டியில் பை 4 போட்டேன். 58 டிகிரிக்குமேல் போனதே இல்லை. ஆனாலும் வேகம் குறைக்கப்பட்டதா என்று கட்டளையில் கேட்டால் பூஜ்யம் வராமல் பதினாறடிமான எண்ணில் 50000 என்று வருகிறது. பெட்டி சரியில்லையா?

ப: பாவம் பெட்டி, அதன்மேல் பழி போடாதீர்கள். அந்த எண்ணில் ஒவ்வொரு பிட்டும் ஒரு குற்றச்சாட்டு. முன்னால் வரும் 5, இரண்டு விஷயங்களைச் சொல்கிறது: போர்டை இயக்கிய பிறகு எப்போதோ மின்னழுத்தம் குறைந்தது, எப்போதோ வேகம் மட்டுப்படுத்தப்பட்டது. சூடு காரணமாக இருந்தால் முன்னால் 8 அல்லது (பதினாறடிமானத்தில் இலக்கமாக வரும்) ஆங்கில எழுத்தான E வந்திருக்கும், பின்னால் நான்கு பூஜ்யங்களோடு.

உங்கள் சிக்கல் அடாப்டரிலோ வயரிலோ இருக்கிறது. போர்டுக்கு வரும் மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் இந்தக் குற்றச்சாட்டு பதிவாகும். போன் சார்ஜருடன் வந்த மெல்லிய வயர், யுஎஸ்பியில் தொங்கும் ஹார்ட் டிஸ்க், இரண்டும் சேர்ந்தால் இது சகஜம். போர்டுக்கென்றே விற்கும் அடாப்டரை மாட்டிவிட்டு ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அணைத்துப் போடாவிட்டால் பழைய குற்றச்சாட்டு அப்படியே நிற்கும். பை 5 வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: 5 ஆம்பியர் தரும் அடாப்டர் இல்லையென்றால் அது யுஎஸ்பி சாதனங்களுக்கெல்லாம் சேர்த்து 600 மில்லிஆம்பியருக்குமேல் விடாது. டிஸ்க் திடீரென்று மறைவதற்கும் பெட்டிச் சூட்டைத்தான் காரணம் சொல்கிறார்கள்.

கே: உலோகப் பெட்டி போட்டதும் வைஃபை வேகம் பாதியாகிவிட்டது.

ப: ஆகும். ஆன்டெனா போர்டின் ஓரத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றி உலோகம் வந்தால் அலை தடைபடும், அருகில் உலோகம் இருப்பதாலேயே ஆன்டெனாவின் சுருதியும் கொஞ்சம் விலகும். வயர் சொருகும் போர்ட்டுகளுக்காக வெட்டிய ஓட்டைகள் வழியாகக் கசிவதுதான் உங்களுக்குக் கிடைக்கும் சிக்னல். ரவுட்டர் அதே அறையில் இருந்தால் வித்தியாசம் தெரியாது, இரண்டு சுவர் தள்ளி என்றால் தெரியும். ஆன்டெனா இருக்கும் மூலையில் மட்டும் உலோகத்துக்குப் பதில் பிளாஸ்டிக் வைத்த பெட்டிகள் இருக்கின்றன.

இன்னொரு ஆளையும் சந்தேகப்படுங்கள். யுஎஸ்பி 3 சாதனங்களும் அவற்றின் வயர்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்பும். பெட்டியை மாற்றிய அன்றே யுஎஸ்பி 3-இல் எஸ்எஸ்டியையும் (சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) மாட்டினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் அந்தத் தொல்லை போய்விடும். சர்வராக ஓடப்போகும் போர்டு என்றால் இதெல்லாம் வேண்டாம், ஈதர்நெட் வயரைச் சொருகுங்கள்.

கே: பை 4-க்கு வாங்கிய பெட்டி பை 5-க்குப் பொருந்துமா?

ப: பொருந்தாது. போர்டின் நீள அகலம் ஒன்றுதான். ஆனால் ஈதர்நெட்டும் யுஎஸ்பியும் இடம் மாறியிருக்கின்றன, ஆடியோ துளை போய்விட்டது, பவர் பட்டன் வந்திருக்கிறது, சிப்புகளின் இடமும் வேறு. அரம் வைத்துத் தேய்த்துப் பொருத்தினாலும் தூண் சிப்பின்மேல் இறங்காது.

கே: வெப்பநிலைத் துப்பாக்கியைக் காட்டினால் பெட்டி 33 டிகிரி என்கிறது. போர்டைக் கேட்டால் 62. எது பொய்?

ப: துப்பாக்கி. வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, பளபளப்பான அலுமினியம் அதை ஏமாற்றுகிறது. இந்தக் கருவி பொருள் வெளியிடும் அகச்சிவப்புக் கதிரை அளக்கிறது. பாலிஷ் போட்ட வெறும் உலோகம் அதை மிகக் குறைவாக வெளியிடும், பதிலுக்கு உங்கள் அறைச்சுவரின் கதிரைக் கண்ணாடிபோல் பிரதிபலிக்கும். நீங்கள் அளந்தது பெரும்பாலும் சுவரைத்தான். பெட்டியில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அது சூடேறியதும் அதன்மேல் அளந்து பாருங்கள்.

இதிலிருந்து வாங்குகிறவர்களுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. கதிர்வீச்சாக வெளியேறும் பங்கு, விசிறியில்லாத பெட்டிக்குச் சின்னப் பங்கு இல்லை. அனோடைஸ் செய்த அலுமினியம், அதாவது மின்வேதி முறையில் ஆக்சைடு பூச்சு ஏற்றியது, வெறும் பளபள அலுமினியத்தைவிடப் பல மடங்கு நன்றாகக் கதிர்வீசும். கறுப்போ சிவப்போ சாம்பலோ, அறைக்குள் நிறத்தால் பெரிய வித்தியாசமில்லை, மேற்பூச்சு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. முகம் பார்க்கும் அளவுக்கு மின்னும் பெட்டி மேசைக்கு அழகு, சிப்புக்கு அல்ல.

கே: புதுப்பெட்டியில் போர்டைப் பூட்டியதும் இயங்கவே இல்லை. கழற்றினால் இயங்குகிறது. பூட்டும் முறை ஏதாவது இருக்கிறதா?

ப: கழற்றினால் இயங்குகிறது என்றால் எங்கோ உலோகம் போர்டைத் தொடுகிறது. அடிப்பக்கத்தில், வெளிக்கருவிகளை இணைக்க உதவும் ஜிபிஐஓ ஊசிகளின் சால்டர் முனைகள் கூராக நீட்டிக்கொண்டிருக்கும். அனோடைஸ் பூச்சு மின்சாரத்தைத் தடுக்கும் என்றாலும், ஒரு கீறல் விழுந்தால் போச்சு. அடிமூடியில் அந்த வரிசைக்கு நேராக இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டு, மின்சாரம் கொடுப்பதற்கு முன்னால் எல்லா மூலையையும் விளக்குவெளிச்சத்தில் பாருங்கள்.

பூட்டும்போது தெர்மல் பேட்டின் இரண்டு பக்கப் படலத்தையும் உரித்தீர்களா என்று பார்ப்பது அடுத்தது. ஒருபக்கம் நீலமாகத் தெரியும், உரித்துவிடுவார்கள். மறுபக்கம் கண்ணாடிபோல் இருப்பதால் அப்படியே ஒட்டிவிடுவார்கள். 'பெட்டி வேலை செய்யவில்லை' என்று எனக்கு வரும் கடிதங்களில் இந்தப் படலத்தின் கைவரிசை கணிசமானது. பேட் எந்தச் சிப்புக்கு எந்தக் கனம் என்று பெட்டியோடு வரும் தாளில் இருக்கும். கலந்துபோட்டால் மெமரியின்மேல் தடித்த பேட் உட்கார்ந்து, ப்ராசஸர் தூண் அந்தரத்தில் நிற்கும்.

திருகுகளை ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எதிரெதிர் மூலைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பேட் நசுங்குவது சரி. போர்டு வளைந்தால் சரியில்லை. வளைவைப் பக்கவாட்டில் பார்த்தாலே தெரியும். அப்புறம் ஒன்று, எஸ்டி கார்டை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். பெட்டிக்குள் போர்டை நுழைக்கும்போது பாதியாக முறிந்த கார்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

கே: திறந்திருக்கும் போர்டின் சிப்புகள்மேல் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் சின்னச் சின்ன உலோக ஹீட்சிங்க் ஒட்டி, என்னிடம் இருக்கும் பிளாஸ்டிக் பெட்டியிலேயே மூடிவிட்டால் என்ன?

ப: மூடாமல் விட்டால் கொஞ்சம் பயன் உண்டு. மூடிவிட்டால், பெட்டிக்குள் சூடான காற்றுக்கு நடுவில் ஒரு சின்ன உலோகத் துண்டு. பேட்டரியில் ஓடும் சென்சார் வேலை, பை ஜீரோ போன்ற சிக்கனமான போர்டு என்றால் இதுவே தேவையில்லை, வெறுமனே விடுங்கள்.

கே: த்ரீடி பிரின்டரில் நானே பெட்டி செய்துகொள்ள நினைக்கிறேன்.

ப: செய்யுங்கள், ஆனால் பிஎல்ஏ (PLA) என்ற பிளாஸ்டிக் வேண்டாம். அது 60 டிகிரி வாக்கில் இளக ஆரம்பிக்கும். சூடான ஹீட்சிங்க்கைத் தொட்டுக்கொண்டிருக்கும் சுவர் சில வாரங்களில் தொங்கிப்போகும். பெட்ஜி (PETG) என்ற பிளாஸ்டிக் 80 வரை தாங்கும். பிளாஸ்டிக் வெப்பத்தைக் கடத்தாது என்பதால் உங்கள் வடிவமைப்பு ஒரு புகைபோக்கியாக இருக்க வேண்டும்: கீழே காற்று நுழைய ஓட்டை, மேலே வெளியேற ஓட்டை, நடுவில் நெட்டுக்குத்தாக ஃபின் வைத்த பெரிய ஹீட்சிங்க். மேலே மட்டும் அழகாகத் தேன்கூட்டு ஓட்டை போட்டுவிட்டு, கீழே ரப்பர் கால்கூட இல்லாமல் மேசையில் படிய வைக்கும் வடிவங்கள்தான் எங்கும் கிடைக்கின்றன.

நெட்டுக்குத்தாக என்று சொன்னது உலோகப் பெட்டிக்கும் பொருந்தும். ஃபின்களின் இடைவெளி மேலும் கீழுமாக ஓடும்படி பெட்டியை நிறுத்தி வைத்தாலோ சுவரில் மாட்டினாலோ சூடான காற்று தடையில்லாமல் ஏறும். படுக்கவைத்ததைவிடச் சில டிகிரி குறையும், செலவில்லாமல். அதே பெட்டியை ரவுட்டரின் தலைமேல் வைத்தால் சம்பாதித்தது அத்தனையும் போய்விடும். டிவிக்குப் பின்னால், கதவு மூடிய அலமாரிக்குள் வைப்பவர்கள் அறையின் வெப்பநிலையை அளக்க வேண்டாம். அந்த அலமாரிக்குள் அளக்க வேண்டும்.

கே: இவ்வளவு பாடு எதற்கு? ஒரு சின்ன விசிறி போட்டால் 20 டிகிரி குறைகிறதே!

ப: குறைகிறது. மறுக்கவில்லை. அசையாத காற்றைவிட, கொஞ்சமாக அசையும் காற்றுகூடப் பல மடங்கு சூட்டை எடுத்துப்போகும். பை 5-இல் முழு நேரமும் முழுமூச்சில் ஏதாவது ஓடப்போகிறது என்றால், அல்லது என்விஎம்இ என்ற அதிவேக வகை எஸ்எஸ்டியும் அதே பெட்டிக்குள் உட்காரப்போகிறது என்றால், விசிறியோடு வரும் கூலரையே போடுங்கள் என்பேன். அந்த எஸ்எஸ்டி தன் பங்குக்குச் சில வாட் சூட்டைச் சேர்க்கும். விசிறியை வெப்பநிலைக்கேற்ப ஓடவைத்தால் பெரும்பாலான நேரம் நின்றேதான் இருக்கும்.

என் கட்சி வேறு காரணத்துக்காக. 30 மி.மீ. விசிறி தூசியை உள்ளே இழுக்கும், அதன் பேரிங் தேயும், தேய்ந்ததும் ராத்திரி கரகரக்கும், ஒருநாள் சொல்லாமல் நிற்கும். அணைக்காமல், பார்க்காமல், வருடக்கணக்காக ஓட வேண்டிய பொருளில் அசையும் பாகம் இருப்பது எனக்குப் பிடிப்பதில்லை. பெட்டி நின்றுபோகாது.

நடுவழியும் உண்டு, யாரும் அதைக் கேட்கமாட்டேன் என்கிறார்கள். வேகத்தைக் குறையுங்கள். பை 5-இன் 2.4 கிகாஹெர்ட்ஸை 1.8-க்கு இறக்கினால், வேகம் கால்பங்கு குறையும்போது சூடு அதைவிட அதிகமாகக் குறையும். வேகத்தோடு மின்னழுத்தமும் இறங்குவதுதான் காரணம், மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கோப்பு சேமிக்கும் வேலையில் அந்தக் கால்பங்கு வேகத்தை நீங்கள் தேடவே மாட்டீர்கள். யாரும் பார்க்காத டெஸ்க்டாப்பை நிறுத்துங்கள். மென்பொருளைப் புதுப்பித்து வையுங்கள்: பை 4 ஜூன் 2019-இல் வந்தபோது சூட்டுக்குப் பேர்போனது. பிறகு யுஎஸ்பி சிப்புக்கு வந்த ஃபர்ம்வேர் (சிப்பை இயக்கும் உள்மென்பொருள்) புதுப்பித்தலே அதன் மின்செலவைக் குறைத்தது.

போர்டையே விசிறி இல்லாமல் ஓடுவதற்காக வடிவமைத்தவர்களும் உண்டு. ஹார்ட்கர்னல் 2019-இல் கொண்டுவந்த ஓட்ராய்டு என்2-வில் ப்ராசஸரும் மெமரியும் போர்டின் அடிப்பக்கத்தில் இருக்கும். அங்கே போர்டளவுக்கே ஒரு பெரிய ஹீட்சிங்க், அதுவே பெட்டியின் தளம். இன்னும் போர்டு வாங்காதவர்கள், பெட்டியைத் தேடுவதற்கு முன்னால் இந்த மாதிரி எண்ணத்தோடு செய்த போர்டு இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்க்கலாம்.

கே: தோட்டத்தில் வானிலை அளக்கும் கருவிகளோடு ஒரு போர்டை வைக்க வேண்டும். மழை நுழையாத, முழுக்க மூடிய பிளாஸ்டிக் பெட்டி வாங்கிவிட்டேன். போர்டு 3 வாட்தான் எடுக்கிறது. போதும் அல்லவா?

ப: போர்டின் 3 வாட்டை விடுங்கள், சூரியனின் வாட்டைச் சேர்த்தீர்களா? உச்சிவெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 1000 வாட்டைக் கொட்டும். உங்கள் பெட்டியின் மூடி 15-க்கு 10 சென்டிமீட்டர் என்றாலே அதன்மேல் விழுவது 15 வாட். அடர்நிறப் பெட்டி அதில் பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்ளும். உங்கள் போர்டைப்போல் ஐந்து போர்டுகள் உள்ளே ஓடுவதற்குச் சமம். அறைக்குள் நிறத்தைப் பற்றிக் கவலைப்படாதே என்று மேலே சொன்னேன், வெயிலில் அது செல்லாது. வெள்ளைதான்.

நிழலான இடம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் பெட்டிக்கு மேலே இரண்டு விரல்கட்டை இடைவெளி விட்டு வெள்ளைத் தகடு ஒன்றைக் கூரையாகப் பொருத்துங்கள். வெயில் தகட்டில் விழும், காற்று இடைவெளியில் ஓடும். உள்ளே சிப்பின் சூட்டை வெளியே கொண்டுவர, பெட்டியின் பின்சுவரில் ஒரு ஜன்னல் வெட்டி அங்கே அலுமினியத் தகடு வைத்து ரப்பர் வளையத்தால் மூடுங்கள். போர்டின் சிப் அந்தத் தகட்டை உட்பக்கமாகத் தொடட்டும், ஃபின்கள் வெளிப்பக்கம் நிற்கட்டும். முழுக்க மூடிய பெட்டியில் இரவில் ஈரம் படியும், அதனால் காற்று மட்டும் போய்வரும் சவ்வு அடைப்பான் ஒன்றும் போடுங்கள். வயர் நுழையும் துளையைப் பெட்டியின் அடிப்பக்கத்தில் போட்டு, வயரைக் கீழே ஒரு வளைவு இறக்கி மேலே ஏற்றுங்கள். மேல்பக்கம் துளை போட்டால் மழைநீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்துவிடும்.